ஃபேமிலி ரூமில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

திருப்பூரில் டீக்கடை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பேக்கரி என்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன்னும் பஃப்ஸும் அடுக்கியிருக்கும், ஆனால் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் டீயோ காபியோ குடித்துவிட்டுப் போகிறவர்கள்தான். நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் கேட்டுக்கு நேர் எதிரே அப்படி ஒரு பேக்கரி இருந்தது. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. எனக்கு இருபத்து மூன்று வயது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அக்காவும் மச்சானும் முதலில் வந்து, ஒரு வருடம் கழித்து என்னையும் கூட்டிக்கொண்டார்கள். மூன்று பேரும் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். அக்கா அந்தக் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், துணி ஓரம் பிரியாமல் தைக்கிற மிஷினில். நான் அதே மாடியில் செக்கிங். தைத்து வரும் பீஸ்களில் தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை.

அந்த பேக்கரியில் நான் ஒரு வருடத்துக்கு மேல் காபி வாங்கியிருந்தேன். ஒரு நாளும் உள்ளே உட்கார்ந்ததில்லை. முன்பக்கம் நாலு மேஜை, எல்லாவற்றிலும் ஆண்கள். பெண்கள் நாங்கள், ஜூஸ் போடுகிற பக்கம் இருந்த ஜன்னலில் நின்று ஃபிளாஸ்க்கை நீட்டுவோம். உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் ஒரு பெண் படியேறினாலே கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து, "பார்சலுங்களா கண்ணு?" என்று கேட்பார். அவ்வளவு மரியாதையாகக் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்ல வரும்.

கடைக்காரருக்கு ஐம்பதுக்கு மேல் வயதிருக்கும். காங்கேயம் பக்கத்துக்காரர். 'ங்க' போடாமல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. ஊரிலிருந்து வந்த புதிதில் எனக்கு அது கிண்டல் மாதிரி இருந்தது. சின்னப் பிள்ளையிடம் போய் "வாங்க, போங்க" என்கிறாரே என்று. பிறகு பழகிவிட்டது. காபி நன்றாகவே இருக்கும். கேரளத்து மாஸ்டர் ஒருவர் போடுவார், அவர் யாரிடமும் பேச மாட்டார். கடையின் பின்பக்கம் பிளைவுட் தடுப்பு வைத்து, ஒரு திரையைத் தொங்கவிட்டு, ஃபேமிலி ரூம் என்று எழுதியிருந்தார்கள். உள்ளே இரண்டு மேஜை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகுட்டிகளோடு துணி எடுக்க வருகிறவர்கள் அங்கே உட்காருவார்கள். உள்ளே குடும்பம் இருக்கும்போது ஆண்கள் தனியாக அதற்குள் போகக் கூடாது. அதை மட்டும் கடைக்காரர் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்வார்.

எங்கள் கம்பெனிக்கு நாளைக்கு இரண்டு தடவை பெரிய கேனில் டீ அங்கிருந்துதான் போகும். அவருடைய வியாபாரத்தில் பாதிக்கு மேல் எங்கள் கேட்டுக்குள்தான் நடந்தது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், மாடிப்படிக்குக் கீழே இருந்த கரண்ட் போர்டிலிருந்து புகை வந்தது. தீ இல்லை, வெறும் புகைதான். ஆனால் வயர் கருகுகிற நாற்றம் மேலே வந்ததும் தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரோ "தீ" என்று கத்தினார்கள். மாடியில் எழுபது எண்பது பேர் இருந்திருப்போம். பின்பக்கம் இன்னொரு படி இருந்தது, அதற்கு ஒரு இரும்புக் கதவு. பீஸ் திருடு போகிறது என்று அந்தக் கதவைப் பூட்டி, சாவியை ஃப்ளோர் மேனேஜர் வைத்திருந்தார். கதவுக்கு முன்னால் பண்டல்கள் வேறு. முதலில் அங்கே ஓடினவர்கள் திரும்பி முன்படிக்கு ஓடி வந்தார்கள். அந்த நெரிசலில் அக்கா படியில் விழுந்தாள். அவள் மேல் நாலைந்து பேர் ஏறிப் போனார்கள். நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், கீழே இறங்க முடியவில்லை.

வெளியே வந்தபோது அக்கா பேக்கரி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது. கடைக்காரர் ஜூஸ் பெட்டியிலிருந்து ஐஸை எடுத்து ஒரு துண்டில் சுற்றி அவள் கையில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். "அழுவாதீங்க அம்மணி, அழுவாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி வேனிலேயே கூட்டிப் போனார்கள். போகிற வழியில் ஃப்ளோர் மேனேஜர் அக்காவிடம், வீட்டில் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொன்னார். அக்கா அப்படியே சொன்னாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

இரண்டு நாள் கழித்து ஏதோ கவர்மென்ட் ஆபீசிலிருந்து ஒருவர் பேக்கரிக்கு வந்து விசாரித்தார். எதிர்க் கம்பெனியில் புகை வந்ததாமே, யாருக்காவது அடிபட்டதா என்று. நான் அப்போது ஜன்னலில் ஃபிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவரிடம், "நான் யேவாரத்துல இருந்தனுங்க. ஒண்ணும் கவனிக்கலீங்க" என்றார். அன்றோடு அந்த மனிதர் மேல் இருந்த மரியாதை எனக்குப் போயிற்று. அவர் பேசிய ஒவ்வொரு 'ங்க'வும் எண்ணெய் தடவின மாதிரித் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து ஆடிட் வந்தது. எங்கள் பனியனை வாங்குகிற வெளிநாட்டு பையர், கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அனுப்புகிற ஆடிட். ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே எங்களுக்குப் பாடம் நடந்தது. எத்தனை மணி நேரம் வேலை, தண்ணீர் எங்கே இருக்கிறது, பின்கதவு எப்படி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் என்று ஃப்ளோர் மேனேஜர் வரிசையாக நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஆடிட் நடந்த வெள்ளிக்கிழமை மட்டும் பண்டல்களை அகற்றி, கதவைத் திறந்து வைத்தார்கள். வந்தது ஒரு அம்மா. நாற்பது வயது இருக்கும், காட்டன் புடவை, கண்ணாடி. சென்னையிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். என்னையும் கூப்பிட்டுக் கேட்டார். "பின்கதவு எப்பவும் திறந்தே இருக்கும் மேடம்" என்றேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கை கழுவுகிற இடத்தில் அவர் எனக்குப் பக்கத்துக் குழாயில் கை கழுவினார். குனிந்தபடியே, "காபியெல்லாம் எங்க குடிப்பீங்க?" என்று கேட்டார்.

"எதுத்தாப்புல பேக்கரில மேடம்."

"ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு நான் அங்க இருப்பேன்" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. போகக் கூடாது என்றுதான் சனிக்கிழமை முழுக்க நினைத்திருந்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் விட மாட்டாள். அவள் கட்டோடு வீட்டில் இருந்தாள்; கை சரியானதும் திரும்ப எடுத்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நாங்கள் இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பிரெட் வாங்கிவரச் சொன்னாள். பிரெட் எங்கள் தெரு முனையிலேயே கிடைக்கும். நான் அந்த பேக்கரி வரைக்கும் நடந்தேன்.

கம்பெனி கேட் பாதி திறந்திருந்தது. ஷிப்மென்ட் இருந்ததால் அயர்னிங் ஆட்கள் மட்டும் வேலைக்கு வந்திருந்தார்கள். அதைப் பார்த்ததுமே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் அந்த அம்மா அதற்குள் என்னைப் பார்த்துவிட்டார். முன் மேஜையில், அத்தனை ஆண்களுக்கு நடுவில், தனியாக உட்கார்ந்து நியூஸ்பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்ப்பதும், பார்க்காத மாதிரி திரும்புவதுமாக இருந்தார்கள். நான் படியேறினதும் கடைக்காரர் எழுந்தார்.

"பார்சலுங்களா கண்ணு?"

"இல்லை, என்னோட வந்திருக்காங்க. ரெண்டு காபி" என்றார் அந்த அம்மா.

கடைக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரோட்டைத் தாண்டி கேட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்து, திரையை விலக்கி, ஒரு மேஜையைத் தானே துடைத்தார். "இங்க உக்காருங்கம்மா. காத்து வரும்" என்றார். அங்கே ஃபேனே கிடையாது.

உட்கார்ந்தேன். நாற்காலி நுனியில்தான். தடுப்புக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதன் வழியாக முன்பக்கத்து ஆட்களின் செருப்புகள் தெரிந்தன. பின்சுவரை ஒட்டி ஒரு பேசின், அதன் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. காபி வந்தது. டம்ளரை டபராவோடு வைத்துவிட்டு மாஸ்டர் போய்விட்டார். அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, "உங்க பேரை எழுத மாட்டேன். எந்த செக்ஷன்னுகூட எழுத மாட்டேன். அந்தக் கதவைப் பத்தி மட்டும் சொல்லுங்க" என்றார்.

"திறந்துதான் மேடம் இருக்கும்."

"கதவுக்கு முன்னாடி தரையில பண்டல் இழுத்த தடம் இருந்துது."

நான் காபியில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருக்காவது அடிபட்டுதா?"

"இல்ல மேடம்."

அப்போதுதான் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கடைக்காரர், "வாங்க சார், வாங்க" என்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். பதில் சொன்ன குரல் ஃப்ளோர் மேனேஜருடையது.

அவர் செருப்பு எனக்குத் தெரியும், பழுப்பு நிறத் தோல் செருப்பு, ஒரு பக்க வார் தைத்திருக்கும். தினமும் செக்கிங் மேஜையில் குனிந்துகொண்டு அந்தச் செருப்பு வருகிறதா என்றுதான் பார்ப்போம். அது தடுப்புக்குக் கீழே வந்து, எங்களிடமிருந்து நாலடி தூரத்து மேஜைக்கு அடியில் நின்றது. நான் என் கால்கள் இரண்டையும் தூக்கி நாற்காலிக் குறுக்குக்கட்டையில் வைத்துக்கொண்டேன். அந்த அம்மாவும் புடவையைச் சுருட்டிக்கொண்டு அப்படியே செய்தார். அவர் முகமும் வெளுத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் இரண்டு மடங்காயிற்று.

"முட்டை பஃப்ஸ் ஒண்ணு, ஒரு காபி" என்றார் மேனேஜர். கூட யாரோ ஒருவர் இருந்தார். அவருக்கும் சேர்த்துச் சொன்னார். பிறகு கடைக்காரரிடம், "ஏனுங்கண்ணா, முந்தாநேத்து ஆடிட்டுக்கு வந்த அந்தம்மா ஊருக்குப் போகலையாமா. லாட்ஜ்லயே இருக்குதாம். இந்தப் பக்கம் எங்காச்சு வந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அன்றைக்கு ஆபீசில் இருந்து வந்தவரிடம் கடைக்காரர் எப்படிக் கம்பெனிக்குச் சாதகமாகப் பேசினார் என்பது நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தை போதும். சொல்லக்கூட வேண்டாம், தலையைத் திருப்பி இந்தப் பக்கம் பார்த்தால் போதும்.

"ஞாயித்துக்கெழம எத்தனையோ பேர் வாராங்க, போறாங்க" என்றார் கடைக்காரர். "யாரைன்னு நான் பாக்கறதுங்க சார்? பஃப்ஸு சூடு பண்ணித் தரட்டுங்களா?"

மேனேஜர் விட்டுவிட்டார். கூட வந்தவரிடம் ஷிப்மென்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அப்போது அந்த அம்மாவின் கைப்பைக்குள் செல்போன் அடித்தது.

இரண்டு அடிதான் அடித்திருக்கும். அவர் பையை மடியில் வைத்து அமுக்கினார், அது நிற்கவில்லை. உடனே முன்பக்கம் கடைக்காரர் குரல் கேட்டது: "மாஸ்டர், மிக்சியப் போடுங்க! சாத்துக்குடி கேட்டாங்கல்லோ!" மிக்சி ஓடியது. யாரும் சாத்துக்குடி கேட்கவில்லை. அந்தப் பெரிய மிக்சியின் இரைச்சலில் தடுப்பே அதிர்ந்தது. அந்த அம்மா போனை எடுத்து அணைத்தார். விரல் இரண்டு தடவை தவறிப்போய் மூன்றாவது தடவைதான் அணைந்தது.

மிக்சி நின்றதும் மேனேஜர் பேசிக்கொண்டிருந்தது முழுதாகக் கேட்டது. தையல் லைனில் ஆள் பற்றாக்குறை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஓவர்லாக்ல ஒரு புள்ள இருந்துச்சு. பாத்ரூம்ல வுழுந்து கைய ஒடிச்சுக்கிச்சு. மூணு வாரமாச்சு, இன்னுங் கட்டுப் பிரிக்கல. அதுக்காக இடத்தக் காலியா வெச்சிருக்க முடியுமா? வேற ஆள் போட்டாச்சு."

"அவங்களுக்குச் சொல்லியாச்சா?" என்று கூட வந்தவர் கேட்டார்.

"வந்தாச் சொல்லிக்கலாம்."

கால் மரத்துப்போயிருந்தது. பாத்ரூமில் விழுந்தாள் என்று அவர் சொன்ன விதம்தான் எனக்கு இன்றும் கேட்கிறது. பொய் சொல்கிறவர் குரல் இல்லை அது. அவரே அதை நம்ப ஆரம்பித்திருந்தார்.

நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. மேனேஜர் எழுந்தார். "கை கழுவீட்டு வந்தர்றேன்" என்றார். பழுப்புச் செருப்பு இந்தப் பக்கம் திரும்பியது. பேசினுக்கு வர வேண்டுமென்றால் திரையைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்தத் திரை அகலம் போதாதது; ஓரத்தில் ஒரு கை நுழைகிற அளவுக்கு எப்போதும் விலகியிருக்கும்.

"சார், சார், அங்க தண்ணி வர்லீங்க" என்று கடைக்காரர் கல்லாவை விட்டு ஓடிவந்த சத்தம் கேட்டது. "காத்தாலயிருந்து மோட்டார் ஓடலீங்க. உள்ள வேற ஃபேமிலி உக்காந்திருக்காங்க. நீங்க வாசலுக்கு வாங்க, நான் சொம்புல ஊத்தறேன்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் பீங்கானில் விழுகிற சத்தம் எனக்கு அவ்வளவு பெரிதாகக் கேட்டது. செருப்பு திரைக்கு அந்தப் பக்கம் நின்றது. அவருக்கும் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஃபேமிலி என்ற வார்த்தையைத் தாண்டி ஒரு ஆண் அந்தத் திரையை விலக்க மாட்டார், அது அந்தக் கடையின் வழக்கம். செருப்பு திரும்பியது. வாசலில் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும், வாய் கொப்பளிக்கிற சத்தமும் கேட்டன. பிறகு ஸ்கூட்டர் கிளம்பியது.

கடைக்காரர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் கையில் இன்னும் சொம்பு இருந்தது. சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. அவ்வளவு கோபமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தக் கோபத்திலும் 'ங்க' போகவில்லை.

"ஏனுங்கம்மா, நீங்க சாயங்காலம் ரயிலேறிப் போயிருவீங்க. இந்தப் புள்ள நாளைக்கு அந்த கேட்டுக்குள்ள போகோணும். நானும் இங்கயே கட தொறக்கோணும். ஒங்களுக்கு உக்காந்து பேச வேற எடமே கெடைக்கலீங்களா?"

அந்த அம்மா, "மன்னிச்சுக்குங்க. அவர் வருவார்னு எனக்குத் தெரியாது" என்றார்.

"என்றகிட்டச் சொல்லாதீங்க. அந்தப் புள்ளகிட்டச் சொல்லுங்க." என் பக்கம் திரும்பினார். "அஞ்சு நிமிசம் இருங்க கண்ணு. அவரு ரோட்டு வளைவு திரும்பட்டும். அப்பறம் பின்னால சந்துல போயிருங்க. ரோட்டுப் பக்கம் வராதீங்க."

நான் அவரிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவர் என் ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு போனார். ஒரு நிமிடத்தில் வேறொன்று வந்தது, ஆவி பறக்க.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் எல்லாவற்றையும் சொன்னேன். கதவு, சாவி, பண்டல், புகை, படி. அக்காவின் கை. வேனில் சொல்லிக்கொடுத்தது. ஆஸ்பத்திரியில் நான் தலையாட்டியது. மூச்சு விடாமல் சொன்னேன். அந்த அம்மா எழுதவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "எந்தக் கை?" என்று மட்டும் கேட்டார். வலது கை என்றேன். பின்சந்தில் கோழி மேய்ந்துகொண்டிருந்தது. அந்த வழியாக நடந்து, தெரு முனையில் பிரெட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இவ்வளவு நேரமா என்று அக்கா கேட்டாள். கூட்டம் என்றேன்.

அடுத்த நாள் கம்பெனிக்குள் நுழைந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அந்தப் பழுப்புச் செருப்பு என் மேஜைக்குப் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் கையிலிருந்த பீஸில் எதைப் பார்க்கிறேன் என்றே தெரியாது. அந்த வாரத்தில் நான் விட்ட குறைகளுக்கு எத்தனை தடவை திட்டு வாங்கினேன் என்று கணக்கில்லை. பத்து நாள் கழித்து பையரிடமிருந்து ஒரு கடிதம் வந்ததாகப் பேசிக்கொண்டார்கள். ஃப்ளோர் மேனேஜர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வெளியே யாரிடமாவது பேசினாயா என்று கேட்டார். என் முறை வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"இல்ல சார். ஆடிட்டுல கேட்டதுக்கு நீங்க சொல்லிக்குடுத்ததத்தான் சொன்னேன்."

நம்பினாரா, தெரியாது. "சரி, போ" என்றார்.

அந்த மாதக் கடைசியில் பின்கதவுப் பூட்டை எடுத்துவிட்டார்கள். தள்ளினால் திறக்கிற மாதிரி ஒரு கம்பி போட்டார்கள். தரையில் மஞ்சள் கோடு வரைந்து, அதன் மேல் பண்டல் வைக்கக் கூடாது என்றார்கள். அக்காவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், அது அந்தக் கடிதத்தாலா, மச்சான் போய்க் கெஞ்சியதாலா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஓவர்லாக்கில் துணியைத் திருப்பிப் பிடிக்க அவள் மணிக்கட்டு வளையவில்லை. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக்கொடுக்கிற கைமடி வேலைக்குப் போட்டார்கள். திருப்பூர் வந்த புதிதில் அவள் செய்த வேலை அது. ஃப்ளோர் மேனேஜர் அதே இடத்தில்தான் இருந்தார்.

நான் எதிர்பார்க்காதது இன்னொன்று. ஆடிட்டில் கேட்டார்கள் என்று கம்பெனிக்குள்ளேயே ஒரு கேண்டீன் கட்டினார்கள். டீ, காபி, சாப்பாடு எல்லாம் உள்ளேயே. கேட்டைத் தாண்டி யாரும் வெளியே போக வேண்டியதில்லை என்றார்கள், பிறகு போகக் கூடாது என்றார்கள். பேக்கரியிலிருந்து டீ கேன் வருவது நின்றது. சாயங்காலத்தில் முன் மேஜைகள் காலியாகக் கிடப்பது மாடி ஜன்னலிலிருந்தே தெரியும்.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து அங்கே போனேன். ஜன்னலுக்குப் போகாமல் நேராகக் கல்லாவுக்கே போனேன். கடையில் வேறு யாரும் இல்லை.

"என்னாலதான் அண்ணாச்சி உங்க யாவாரம் போச்சு" என்றேன். எங்கள் ஊர்ப் பேச்சு அந்த நேரத்தில் தானாக வந்துவிட்டது.

அவர் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "நீங்க என்னங்க கண்ணு பண்ணுனீங்க? கேண்டீன் வந்தா நல்லதுதானுங்க. வெயில்ல ரோட்டத் தாண்ட வேண்டாமல்லோ."

"அன்னைக்கு நீங்க காப்பாத்தலைன்னா..."

"நான் யாரையுங் காப்பாத்தலீங்க" என்று சட்டென்று சொன்னார். "என்ற கடைக்குள்ள ஒரு பொம்பளப் புள்ளைய நிக்க வெச்சுச் சத்தம் போட்டுருவாரு அந்த மேனேஜரு. அது வேண்டாம்னுதான் அப்பிடிச் சொன்னேன். அவ்வளவுதானுங்க." துண்டை உதறினார். என்னைப் பார்க்காமல், "மொதல்லயே, அந்த ஆபீசர் வந்தன்னிக்கே சொல்லியிருக்கோணும். அக்காளுக்குக் கை எப்படீங்க இருக்குது?" என்றார்.

பரவாயில்லை என்றேன். ஆறேழு மாதத்தில் கடையை விற்றுவிட்டு வெள்ளகோவில் பக்கம் போய்விட்டார். போகிற நாள் எனக்குத் தெரியாது. ஒரு நாள் ஜன்னலிலிருந்து பார்த்தபோது வேறு போர்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவிடம் இதையெல்லாம் நான் ஐந்து வருடம் சொல்லவில்லை. அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தேன். ஒரு நாள் அவள் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியாமல் அவள் என்னிடம் நீட்டினாள். திறந்துகொடுத்துவிட்டு அப்படியே சொல்ல ஆரம்பித்தேன். சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.

முழுவதையும் கேட்டாள். பிறகு, "என் கையப் பத்திப் போயி ஊர்ல எவகிட்டயோ சொல்லிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள்.

"உனக்காகத்தானக்கா..."

"அவன் கண்டுபிடிச்சிருந்தா? உன் மச்சான் ஒத்த சம்பளத்துல மூணு பேரு என்ன செஞ்சிருப்போம்? பொய் சொன்னது நானு. அதத் திருத்துறதுன்னா நாந்தான் திருத்தணும். நீ யாருட்டீ?"

எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அவள் சொன்னது சரியா, நான் செய்தது சரியா என்று அந்த இரண்டு நாளும் யோசித்தேன். இன்றைக்கும் ஒரு பக்கமாகச் சொல்ல முடியவில்லை. மூன்றாவது நாள் காலையில் அவளே என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"அந்தம்மா கடுதாசில என் கையப் பத்தி எழுதினாளா?"

"தெரியலக்கா. நான் பாக்கல."

"எந்தக் கைன்னாவது சரியாச் சொன்னியா?"

"வலது கைன்னு சொன்னேன்."

"படியிலன்னு சொன்னியா? பாத்ரூம்லன்னு சொல்லலையே?"

"படியிலன்னுதான்க்கா சொன்னேன்."

"சரி" என்றாள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, காபி போடச் சொன்னாள்.